ஆறு கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு பரு

அழைப்பிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் "வானியல் ஆய்வாளர், விண்வெளித் தொலைநோக்கி அவதானிப்பாளர், ஜனாபா" என்று மூன்று படி வைத்து அச்சடித்திருந்தார்கள். அந்த அழைப்பிதழ் கல்முனைக் கடைத்தெருவில் கைமாறிக்கொண்டிருந்த காலையில், மேற்படி ஆய்வாளர் கணினிக்கு முன்னால் குந்தி ஒரு மணமகளின் மேலுதட்டிலிருந்த பூனைமுடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

றுமானா ஹாதிக் எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணை வைத்ததில்லை. வடக்கு எது என்று கேட்டால், தொழுகைக்கு நிற்கும் திசையை வைத்து, "கிப்லா இந்தப் பக்கம், அப்ப..." என்று கையை நீட்டிக் கணக்குப் பார்த்துத்தான் சொல்வார். அந்திநேர மஃரிபுக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவார். இரவு இஷா தொழுததும் படுக்கை. இரவில் மொட்டைமாடிக்கு ஏறமாட்டார். வௌவால் தலையில் அடிக்கும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. விண்வெளியில் அவருக்குள்ள அலுவல் எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கும் பகல் சமையலுக்கும் இடையில் முடிந்துவிடும். "ராவைக்கு வானத்தப் பாத்து என்ன செய்ற? எல்லாம் புள்ளி புள்ளியாத்தானே கிடக்கு," என்பார்.

அவருடைய உண்மையான தொழில் பெண் பக்கத்து அல்பம். எங்கள் பகுதிக் கலியாணங்களில் அல்பம் இரண்டு. மாப்பிள்ளை பக்கத்து அல்பம் விறாந்தை மேசையில் கிடக்கும். வந்தவர் போனவர் எல்லாம் புரட்டலாம். பெண் பக்கத்து அல்பம் அலுமாரிக்குள் பூட்டில் இருக்கும். முக்காடில்லாமல், கொண்டை நிறையப் பூவோடு, குரவைச் சத்தத்துக்கு நடுவில் சிரிக்கும் மணமகளைப் பெண்களும், வாப்பா, கூடப்பிறந்தவன் போன்ற உரிமைக்காரரும் மட்டுமே பார்க்கலாம். ஆகவே படம் பிடிப்பவரும் ஒரு பெண்: றுமானாவின் தங்கை பஹ்மிதா. படத்தைத் திருத்தி அல்பம் ஆக்குபவரும் ஒரு பெண்: றுமானா. கடைப் பலகையில் இருக்கும் பெயர் மட்டும் கணவர் ஹாதிக்குடையது.

ஹாதிக் மாப்பிள்ளை பக்கத்தைப் பிடிப்பவர். நல்ல மனிதர்; கமராவைத் தூக்கினால் யாரையும் மூன்று தடவை நாடியை உயர்த்தச் சொல்லுவார். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டத்தில் அவர்களுடைய வீடு. பின்னறை றுமானாவின் வேலைத்தலம். கணினித் திரை சுவரைப் பார்த்து இருக்கும். கதவுக்குப் பின்னால் கொளுக்கி, கொளுக்கிக்குப் பின்னால் திரைச்சீலை. மனைவிக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் ஹாதிக், கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்பார். "பொறுங்க, பொண்ணு இரிக்கு," என்று உள்ளிருந்து பதில் வரும். கோப்பை ஆறும்வரை சொந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும் ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. முன்வீட்டுக்காரன் என்ற முறையில் விறாந்தை வரைதான் எனக்கு அனுமதி. றுமானாவின் இருபது வருட வேலையில் நான் பார்த்தது ஒரு பக்கம்கூடக் கிடையாது. அவருடைய கைத்திறன் பற்றி நான் சொல்வதெல்லாம் செவிவழிச் செய்தி.

செவிக்கு எட்டியவற்றில் ஒன்று, அழிப்புச் சடங்கு. அல்பம் அச்சாகி வந்ததும் மணமகளின் தாய் வருவார். றுமானா பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்தி, கணினியிலுள்ள படங்களை எல்லாம் அவர் கண் முன்னாலேயே அழிப்பார். அழித்தவை போய் விழும் கூடையையும் திறந்து காட்டிக் காலி செய்வார்.

"பாத்துக்கங்க மாமி, ஒண்டும் இல்ல."

"வேற எங்கயும் ஒளிச்சு கிளிச்சு வெச்சிரிக்கியா மகள்?"

"உங்கட மகள்ர முகத்தயே நான் மறந்துட்டன் மாமி. நாளைக்கி றோட்டுல கண்டு ஸலாம் செல்லாட்டிக் கோவிக்க வேணாமெண்டு செல்லுங்க."

ஊர் இவரை நம்புவது இதனால்தான். இதனாலேயேதான், இருபது வருடம் உழைத்த இவரிடம், இது நான் செய்தது என்று எடுத்துக் காட்ட ஒரு படமும் மிஞ்சவில்லை.

இரண்டாவது, பருவுக்கும் மச்சத்துக்கும் இடையிலான சட்டம். ஜுனைதா என்ற தாயொருத்தி தன் மகளின் நாடியிலிருந்த மச்சத்தை எடுக்கச் சொல்லி வந்த அன்று அது விறாந்தை வரைக்கும் கேட்டது.

"அதயும் எடுத்துடு மகள். கரி ஒட்டின மாதிரி கிடக்கு."

"மச்சம் எடுக்க மாட்டன் சாச்சி. பருவ எடுப்பன்."

"ரெண்டும் புள்ளிதானேகா?"

"பரு போன மாசம் இருந்ததா?"

"இல்ல."

"வாற மாசம் இரிக்குமா?"

"இரிக்காது. மருந்து பூசுறம்."

"அப்ப அது முகத்துல சேராது. வந்துட்டுப் போற சாமான். மச்சம் புறந்ததுல இருந்து இரிக்கு. அதுதான் முகம்."

ஜுனைதா படியிறங்கும்போது என்னைப் பார்த்து, "காசையும் குடுத்துட்டு இவக்கிட்ட ஃபத்வாவும் கேட்டுட்டுப் போறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சம் இன்றும் அல்பத்தில் இருக்கிறதாம். அதுவும் செவிவழிதான்.

நிறத்திலும் இதே பிடிவாதம். மகளைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லும் தாய்மாருக்கு, "மாப்புள வந்து கண்டு, இது வேற பொண்ணு எண்டு செல்லட்டுமா?" என்று ஒரே பதில். இவ்வளவு கறாராக இருப்பவரிடம் ஏன் எல்லோரும் வருகிறார்கள் என்று ஹாதிக்கைக் கேட்டேன். "வேற ஆரும் இல்லயே," என்றார். கணவன்மார் அப்படித்தான்.

விண்வெளி வந்து சேர்ந்தது கொரோனாக் காலத்தில். கலியாணங்கள் நின்றுபோயிருந்தன. சும்மா இருக்கப் பிடிக்காமல், படத்தில் விழும் பொட்டுப்பொட்டான அழுக்கை எடுப்பது எப்படி என்று ஒரு பாட வீடியோவைப் போட்டுப் பார்த்தார். பாடம் நடத்திய ஆள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது விண்வெளித் தொலைநோக்கி பிடித்த ஒரு சுருள் விண்மீன் மண்டலம். றுமானா அழுக்கை விட்டுவிட்டு மண்டலத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படிப்பட்ட படங்கள் கொஞ்சக் காலம் ஆய்வாளர்களிடம் இருந்துவிட்டுப் பிறகு பொதுவில் வைக்கப்படும், யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்பது அந்த வீடியோவில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவரை மலைக்க வைத்தது தூரமோ, விஞ்ஞானமோ, அதில் இருக்கும் கோடிக்கணக்கான சூரியன்களோ அல்ல.

"ஆரும் பாக்கலாமாம்," என்று அன்று ஹாதிக்கிடம் சொன்னாராம். "ஆம்புளயும் பாக்கலாமாம், பொம்புளயும் பாக்கலாமாம். பூட்டு இல்ல. பாக்குறதுக்கெண்டே வெச்சிரிக்காங்களாம்."

இறங்கி வரும் படம் ஒன்றும் அழகானதல்ல. ஒரே காட்சி சாம்பல் நிறத்தில் மூன்று தடவை இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறக் கண்ணாடியூடாகப் பிடித்தது. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் தொலைநோக்கியின் கண்ணில் பட்டு இழுத்த கீறல்கள், பாயில் சிந்திய அரிசி மாதிரிப் படம் முழுக்கக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நிறம் கொடுக்க வேண்டும். பொறுக்குவது றுமானாவுக்குப் புதிதல்ல. நிறமும் அப்படியே. நடுவில் வயதான விண்மீன்கள், பொன்நிறம். சுழன்று விரியும் கைகளில் இளசுகள், நீலம். "கலக்ஸியயும் பொண்ணு மாதிரி ஜோடிச்சுட்டா," என்று பஹ்மிதா கேலி செய்தால், "நான் உடுத்தல்ல. அவ உடுத்திக்கிட்டுத்தான் இரிக்கா. நான் லைற்றப் போட்டன்," என்பார்.

வருடம் இப்போது இப்படி ஓடுகிறது: வெள்ளாமை வெட்டு முடிந்தால் கலியாணம், கலியாணம் ஓய்ந்தால் மண்டலம். செய்து முடித்ததை அச்சடித்துக் கொடுக்கவும் தொடங்கினார். அயல்வீட்டு மீராமுகைதீன் காக்கா, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை, மனித முகம் உள்ள படம் எதையும் வீட்டில் மாட்டாதவர். சொந்த மகனின் பட்டமளிப்புப் படமே பெட்டிக்குள் கிடக்கிறது. அவரும் ஒரு மண்டலத்தை வாங்கி வீட்டு முன்கூடத்தில் மாட்டினார். "இது உசிருள்ள சாமான் இல்லயே," என்றார்.

"அங்க ஆரு இரிக்காங்கண்டு உங்களுக்குத் தெரியுமா காக்கா?" என்று கேட்டார் றுமானா. காக்கா அன்றைக்கு அதைக் கழற்றிவிட்டு, மறுநாள் திரும்ப மாட்டினார்.

கிறிஸ்ரோபர் வந்தது இதற்குப் பிறகு. பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இளம் விஞ்ஞான ஆசிரியர். பிள்ளைகளின் அடையாள அட்டைப் படங்களுக்காக ஹாதிக்கின் கடைக்குப் போனவர், கடைச் சுவரில் ஒரு மண்டலத்தைக் கண்டுவிட்டார். அவருடைய பாடசாலையில் புதிய விஞ்ஞான கூடத்துக்கு ஒரு வெறும் சுவர் இருந்தது. றுமானா கடைசியாகச் செய்து முடித்திருந்த மண்டலம், ஆறு கோடி ஒளியாண்டு தூரத்திலிருப்பது, அந்தச் சுவருக்காகக் கொழும்பில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக அச்சாகி, பளபளவென்று மேலுறை ஒட்டி வந்தது. அதற்கு முறையான பெயர் கிடையாது; சில ஆங்கில எழுத்துகளும் ஓர் இலக்கமும்தான். கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: "விண்வெளித் தொலைநோக்கியின் பொதுத் தரவிலிருந்து ஆக்கியவர் றுமானா ஹாதிக்."

மாட்டிய அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மண்டலத்தைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று கிறிஸ்ரோபர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பஹ்மிதாவிடம் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"என்ட பேரு சுவத்துல கிடக்கு புள்ள. ஆருக்கும் பூட்டி வெக்க ஏலா."

அந்தப் பாடசாலையின் அதிபர், சித்தி லைலா என்ற பெண்மணி, ஒரு தண்ணீர்க் குழாய் பூட்டினாலும் அதற்குத் திறப்பு விழா வைப்பவர். சுவரளவு மண்டலத்தைச் சும்மா விடுவாரா. பிரதம அதிதி, நாடா, பாண்ட் வாத்தியம், பொன்னாடை என்று எல்லாம் ஏற்பாடாகி, மூன்று படிப் பட்டத்தோடு அழைப்பிதழும் வந்தது. "நான் எங்க ஆய்வு செஞ்சன்?" என்று றுமானா கேட்டதற்கு, "கார்டுல இடம் மிச்சம் இருந்திச்சு," என்றாராம் அதிபர்.

விழாவுக்கு முதல்நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, நானும் ஹாதிக்கும் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பின்னறைக் கொளுக்கி கழன்ற சத்தம் கேட்டது. றுமானா வந்து தூணில் சாய்ந்தார்.

"கலியாண வீட்டுக்குப் போய்ப் பொண்ண அழிச்சுட்டு, பந்தலயும் வந்த சனத்தயும் அல்பம் அடிச்சுக் குடுத்திரிக்கன்," என்றார்.

ஹாதிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தக் கலியாணம்?"

"மனுசர்ர இல்ல. கலக்ஸிர."

நடந்தது இது. இணையத்தில் இப்படி மண்டலம் ஆக்குபவர்களின் குழு ஒன்று உண்டு. அதில் கனடாவில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் றுமானாவின் படத்தை மிகவும் பாராட்டிவிட்டு, ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்த விண்மீன் எங்கே? தொலைநோக்கி அந்த மண்டலத்தைச் சில வருட இடைவெளியில் இரண்டு தடவை பிடித்திருந்தது. றுமானா இரண்டையும் சேர்த்தே படத்தை ஆக்கினார். இரண்டாம் தடவை கீழ்க்கையின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. முதல் தடவை அது இல்லை. முன்பும் இல்லை, பின்பும் இருக்காது என்றால் அவருடைய சட்டப்படி அது பரு. எடுத்துவிட்டார்.

பல் வைத்தியர் விளக்கியிருந்தார். கீறல் ஒழுங்கான வட்டமாக இராது. அந்தப் புள்ளி, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீன். சில மாதம் மண்டலத்துக்கே சவால் விடுவது போல எரிந்துவிட்டு அணைந்துபோகும். இரண்டாம் தடவை தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பியதே அந்தப் புள்ளிக்காகத்தான். மற்றதெல்லாம் பின்னணி.

"எவ்வளவு பெரிய புள்ளி?" என்று ஹாதிக் கேட்டார்.

"சுவத்துல இருந்தா ஒரு கடலை அளவு."

"அந்தப் பல்லு டொக்டர் நாளைக்கி விழாவுக்கு வாறாரா?"

"பகிடி விடாதீங்க."

"இல்ல புள்ள, ஆறு கோடி ஒளியாண்டு தூரத்துல வெள்ளி ஒண்டு வெடிச்சத கல்முனையில ஆரு தேடப் போறா? விழா முடியட்டும். மறுகா வேற அச்சடிச்சு மாத்துவம்."

வெள்ளி என்றால் எங்கள் பேச்சில் விண்மீன். ஹாதிக் சொன்னதில் நியாயமும் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

"நாளைக்கி ஊரே வந்து பாக்கும்," என்றார் றுமானா. "மாத்தினதுக்குப் பொறகு ஆரு வந்து பாப்பா? பாத்தவங்க கண்ணுல பொண்ணு இல்லாத கலியாணந்தான் கிடக்கும். என்ட பேரோட."

"அப்ப அதிபர்ட்டச் செல்லு."

"சென்னா படத்த இறக்கிடுவாங்க. பிழையான சாமானத் தொறந்து வெக்க அந்த மனிசி ஒத்துக்குவாவா?" தூணை விட்டு நிமிர்ந்தார். "இருபது வருசத்துல என்ட பேரோட ஒண்டே ஒண்டுதான் சுவத்துக்குப் போனது. அதயும் நானே இறக்கணும்."

றுமானா கவலைக்காக வழமையை மாற்றுபவர் அல்லர். மஃரிபுக்கு ஜன்னல்கள் சாத்தப்பட்டன, இஷாவுக்குப் பிறகு விளக்கும் அணைந்தது. ஹாதிக்தான் நெடுநேரம் முற்றத்தில் உலாவினார்.

மறுநாள் காலை பிரதம அதிதி வழக்கம்போலப் பிந்தினார். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். விஞ்ஞான கூடத்துக்குள் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களுமாகக் கூட்டம். ஜுனைதாவும் இருந்தார், மீராமுகைதீன் காக்காவும் இருந்தார். பொன்னாடை ஒரு தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாடாவுக்குப் பின்னால் மண்டலம், பொன்னும் நீலமுமாக, குறை ஒன்றும் இல்லாத அழகோடு உயரத்தில் தொங்கியது. அழகுதான் குறை என்று தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் மூன்று பேர்: றுமானா, ஹாதிக், நான்.

றுமானா நேரே கிறிஸ்ரோபரிடம் போய்க் கைபேசியில் அந்தச் சாம்பல் படத்தைக் காட்டினார். கிறிஸ்ரோபர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஓர் ஆசிரியருக்கு வர வேண்டிய கலவரம் அவருக்கு வரவில்லை. "ஐயோ அக்கா, இது நல்ல சாமானெல்லோ. இவ்வளவு நாளும் ஏன் கதைக்கேல்ல?" என்றார். நேற்றுத்தான் தெரியும் என்றார் றுமானா.

அதற்குள் அதிபர் வந்துவிட்டார்.

"என்ன புள்ள ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்க? அதிதிர வாகனம் சந்தி தாண்டிட்டு."

"மிஸ், படத்துல ஒரு பிழை இரிக்கு. நான் விட்ட பிழை."

றுமானா சொன்னார். மிக நிதானமாக, கலியாண வீட்டு உவமையையும் விடாமல் சொன்னார். சித்தி லைலா முதலில் நாடாவைப் பார்த்தார், பிறகு பொன்னாடையைப் பார்த்தார்.

"இறக்கச் செல்றியா இத? இப்பவா?"

"இறக்கினா இறக்குங்க மிஸ். இறக்காட்டி, ஒபிஸ்ல டிப்பெக்ஸ் இரிக்கா?"

"பிழைச்ச எழுத்த அழிக்கிற வெள்ள மையா? அதால என்ன செய்யப் போறாய்?"

"அந்த வெள்ளிய வெக்கப் போறன்."

"பளபளப்பா ஒட்டின படம் புள்ள. டிப்பெக்ஸ் வெச்சாக் காகம் எச்சம் போட்ட மாதிரி நிக்கும். வந்தவங்க கேப்பாங்க, என்ன அது எண்டு."

"கேக்கட்டும் மிஸ். கேட்டாச் செல்லுவன்."

பின்வரிசையிலிருந்து மீராமுகைதீன் காக்கா, "என்னவாம் பிரச்சின?" என்று கேட்டார். "படத்துல பொண்ணக் காணலியாம்," என்றார் ஜுனைதா. வாசலில் பாண்ட் வாத்தியம் தொடங்கியது.

சித்தி லைலா இன்னுமொரு தடவை மண்டலத்தைப் பார்த்தார். விழாக்களில் எத்தனையோ பிழைகளை மேசைவிரிப்பால் மூடிப் பழகியவர்; மூடாமல் விடுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, கிறிஸ்ரோபரைக் காரியாலயத்துக்கு அனுப்பினார். தானே வாசலுக்குப் போய், பிரதம அதிதியைப் புதிய தண்ணீர்க் குழாயைப் பார்வையிட வரும்படி அழைத்தார்.

றுமானா ஹாதிக் நாடாவுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கிறிஸ்ரோபர் பிடித்துக்கொண்ட கதிரையில் ஏறி, எல்லோரும் பார்த்திருக்க, கீழ்க்கையின் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்து, அது காயும்வரை வாயால் ஊதினார்.